தினமும் புதுப்பிக்கும் லினக்ஸ்: வீட்டுக் கணினிக்கு எந்த ரோலிங் டிஸ்ட்ரோ?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறை சிப்பும் அதற்கு முந்தையவையும், ஓரிரு விதிவிலக்கைத் தவிர, விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துப் பூட்டி வாங்கிய டெஸ்க்டாப்புகள் பல இப்போது அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. எஸ்எஸ்டி இருந்து, நினைவகம் 8 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் லினக்ஸ் அதில் தாராளமாக ஓடும். இனிமேல் பதிப்பு மாற்றம் என்ற தலைவலியே வேண்டாம் என்று நினைப்பவர்கள், ஒருமுறை நிறுவினால் போதும், அப்புறம் அப்டேட் வந்துகொண்டே இருக்கும் என்கிற 'ரோலிங்' டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீடுகளின்) பக்கம் வருகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஒருவருக்குத்தான் கணினி தெரியும், மற்றவர்கள் அதைப் பயன்படுத்துபவர்கள் மட்டுமே என்றால் ஓப்பன்ஸூசே டம்பிள்வீட். அப்டேட்டுக்கு முன் அறிவிப்பை வாசிக்கும் பழக்கமும், டெர்மினலைக் கண்டு பயப்படாத கையும் இருந்தால் ஆர்ச், அல்லது அதையே எளிதாக நிறுவித் தரும் எண்டெவர்ஓஎஸ். இந்த இரண்டிலும் சேராதவர்களுக்கு ரோலிங்கே வேண்டாம். 'எதில் புதுசு சீக்கிரம் வரும்' என்று பார்த்துத் தேர்வதில் பயனில்லை. டம்பிள்வீடுக்கும் ஆர்ச்சுக்கும் அதில் பெரும்பாலும் சில நாள் வித்தியாசம்தான். அப்டேட் முடிந்து ரீபூட் செய்து, திரை கறுப்பாகவே நிற்கும் காலையில் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும், அதைச் செய்ய வீட்டில் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதில்தான் இவை நிஜமாகவே வேறுபடுகின்றன. கீழே உள்ளதெல்லாம் அந்த அளவுகோலை வைத்துத்தான்.

(கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சும்போது ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

யாருக்கு வேண்டாம்

ரோலிங் நிஜமாகவே கைகொடுப்பது புத்தம் புது வன்பொருளுக்கு. போன மாதம் வெளிவந்த ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புதிய கர்னலும் (லினக்ஸின் மையக்கரு) புதிய மேசாவும் (கிராஃபிக்ஸ் நூலகம்) வேண்டும். அவை இல்லையென்றால் கார்டு வாங்கியும் திரை தாழ்ந்த தெளிவில் கிடக்கும். ஏழாம் தலைமுறைப் பெட்டிக்கு அந்த அவசரமில்லை. அதன் டிரைவர்கள் எல்லாம் கர்னலுக்குள் வந்து பல வருஷமாகிவிட்டது. அங்கே ரோலிங் தரும் பலன் ஒன்றுதான்: சில வருஷத்துக்கு ஒருமுறை முழு அமைப்பையும் மேலே ஏற்றும் வேலை இல்லை. அந்தப் பெரிய வேலையை வாராந்தரச் சின்ன வேலையாகப் பிரித்துக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். வேலை மறையவில்லை.

மாதத்தில் இரண்டு முறைகூடத் திறக்காத கணினிக்கு ரோலிங் போடாதீர்கள். ஃபெடோரா போதும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு. ஒரே பதிப்புக்குள்ளேயே கர்னலையும் மேசாவையும் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால், 'புதுசு வேண்டும்' என்று ரோலிங் தேடி வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

பிள்ளையின் பள்ளிக் கற்றல் சாதனம், அலுவலக மடிக்கணினி ஆகியவற்றில் எதையும் நிறுவ முயல வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் சாதனங்களில் நிர்வாக மென்பொருள் பூட்டப்பட்டிருக்கும். பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பயன்படும் பூட்டு உலாவிகள் லினக்ஸில் பொதுவாக ஓடாது. சிங்பாஸ், சேமநிதி, வருமான வரி எல்லாம் உலாவிக்குள் நடப்பவை, அவற்றுக்குக் கவலையில்லை.

ஓர் அப்டேட்டுக்குள் நடப்பது

ஐசியு என்று ஒரு நூலகம் இருக்கிறது. யூனிகோட் எழுத்தைக் கையாள்வது அதன் வேலை. சொற்களை அகரவரிசையில் அடுக்குவது, தேதியை அந்தந்த மொழியில் காட்டுவது என்று ஏகப்பட்ட மென்பொருள்கள் அதையே நம்பி நிற்கின்றன. அதன் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கும். எண் 75 என்பது 76 ஆனால், 75-ஐத் தேடும் அத்தனை மென்பொருளையும் மறுபடி கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து ஓடும் கோப்பாக்கி) ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். டிஸ்ட்ரோக்காரர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

இப்போது ஆர்ச் பயனர் ஒருவர் அவசரத்துக்கு ஒரே ஒரு மென்பொருள் வேண்டும் என்று 'பேக்மேன் எஸ்ஒய்' (பேக்மேன் என்பது ஆர்ச்சின் நிறுவல் நிரல்) போட்டு அதை மட்டும் நிறுவுகிறார். கணினியிலிருக்கும் மென்பொருள் பட்டியல் புதிதாகிவிட்டது, அந்த மென்பொருள் தனக்கு வேண்டிய ஐசியு 76-ஐயும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது, 75 போய்விட்டது. மிச்சமிருக்கும் நூறு மென்பொருள் 75-ஐத் தேடுகிறது. டெஸ்க்டாப்பே வராமல், 'நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற வரி மட்டும் டெர்மினலில் கிடக்கும். இதற்குத்தான் 'பாதி அப்டேட்' என்று பெயர், ஆர்ச் இதை ஆதரிப்பதில்லை. 'ஆர்ச் உடைந்துவிட்டது' என்று வரும் புகார்களில் இது அடிக்கடி தலைகாட்டும். ரோலிங்கில் எந்த டிஸ்ட்ரோ ஆனாலும் அப்டேட் செய்தால் முழுக்கச் செய்ய வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. ஆர்ச்சில் 'பேக்மேன் எஸ்ஒய்யு', டம்பிள்வீடில் 'ஸிப்பர் டப்'. டம்பிள்வீடில் பழக்கதோஷத்தில் 'ஸிப்பர் அப்' என்று போடுவதும் இதே வகைத் தவறுதான். நீக்கப்பட்ட, பெயர் மாறிய பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) அது சரியாகக் கையாளாது.

டம்பிள்வீட்: திரும்பி வரும் வழி முதலிலேயே இருக்கிறது

2014 நவம்பரில் ஓப்பன்ஸூசே தன் ஃபாக்டரி கிளையையும் டம்பிள்வீடையும் ஒன்றாக்கியது. அதிலிருந்து ஒவ்வொரு வெளியீடும் தேதியையே பெயராகக் கொண்ட ஒரு முழு ஸ்னாப்ஷாட். வெளியே வருவதற்கு முன் ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனை அதை மெய்நிகர் கணினியில் நிறுவி, டெஸ்க்டாப்பைத் திறந்து, திரையில் வந்த படத்தை இருக்க வேண்டிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. தேறாத ஸ்னாப்ஷாட் வெளிவராது. உங்கள் வீட்டிலிருக்கும் பழைய வைஃபை சிப் அந்தச் சோதனைக் கணினியில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சோதனை தேறியதும் உங்கள் கணினியில் வேலை செய்வதும் வேறு வேறு.

அதனால்தான் அடுத்தது முக்கியம். நிறுவும்போது தானாகவே பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பும், அதன் நிலையைப் பதிவு செய்து வைக்கும் ஸ்னாப்பர் கருவியும் அமைந்துவிடுகின்றன. ஒவ்வொரு 'ஸிப்பர் டப்'புக்கும் முன்னும் பின்னும் ஒரு ஸ்னாப்ஷாட்; இது மேலே சொன்ன வெளியீடு அல்ல, உங்கள் கணினியின் அந்நேர நிலையின் பதிவு. அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாக நின்றால், ரீபூட் செய்து துவக்கப் பட்டியலில் பழைய ஸ்னாப்ஷாட்களுக்கான வரியைத் தேர்ந்து, அப்டேட்டுக்கு முந்தையதில் நுழையுங்கள். அது படிக்க மட்டுமான நிலையில் திறக்கும். எல்லாம் சரியாக இருந்தால் டெர்மினலில் 'சூடோ ஸ்னாப்பர் ரோல்பேக்', இன்னொரு ரீபூட். அவ்வளவுதான். தொலைபேசியில் சொல்லியே அம்மாவையும் செய்ய வைத்துவிடலாம்; ஒப்பீட்டின் எடை இந்தப் பக்கம் சாய்வது இதனால்தான்.

ரோல்பேக்கில் மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. உங்கள் ஆவணங்கள் இருக்கும் ஹோம் பகுதி ஸ்னாப்ஷாட்டில் சேராது. அதனால் நேற்று எழுதிய கட்டுரை ரோல்பேக்கில் காணாமல் போகாது. அதே காரணத்தால் ஃபயர்ஃபாக்ஸ் புதிய பதிப்பு ஒருமுறை திறந்த பயனர் விவரத்தை, ரோல்பேக்குக்குப் பின் வந்த பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுத்து, புதிதாக ஒன்று உருவாக்கு என்று சொல்லும். பதறி உருவாக்க வேண்டாம். ஓரிரு நாளில் சரியான அப்டேட் வந்ததும் பழைய விவரம் அப்படியே திறக்கும்.

இன்னொன்று வட்டு இடம். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ரூட் பகுதிக்கு 40 ஜிபியாவது கொடுங்கள், முடிந்தால் 60. ஸ்னாப்ஷாட் பழைய கோப்புகளைப் பிடித்து வைத்திருப்பதால், நீங்கள் எதையாவது நீக்கினாலும் இடம் திரும்பாது. 'வட்டு நிறைந்தது' என்று வந்தால் 'ஸ்னாப்பர் லிஸ்ட்' போட்டுப் பார்த்து, பழைய எண்களை 'ஸ்னாப்பர் டெலீட்' செய்ய வேண்டும். ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்எஸ்டி செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

டம்பிள்வீடின் நிஜமான தொல்லை வீடியோவை ஓட்ட உதவும் நிரல்களான கோடெக்குகளில் இருக்கிறது. காப்புரிமைச் சிக்கலால் எச்.264, எச்.265 கோடெக்குகள் முழுமையாக அதில் வருவதில்லை. எல்லோரும் கைகாட்டுவது பேக்மேன் என்ற வெளி ரெப்போவை, அதாவது மென்பொருள் களஞ்சியத்தை (ஆர்ச்சின் பேக்மேன் கட்டளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கிறது). பிரதான ரெப்போவில் புதிய வெளியீடு வந்து, அந்த வெளி ரெப்போ இன்னும் மறுகம்பைல் முடிக்காத நாள்களில் 'ஸிப்பர் டப்' உங்களிடம் நாலு தீர்வு காட்டி ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லும். எதையும் தேர்வு செய்யாமல் ரத்து செய்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள். பெரும்பாலும் தானாகத் தீர்ந்திருக்கும். எங்கள் யோசனை, அந்த ரெப்போவையே சேர்க்காமல் உலாவியையும் விஎல்சியையும் ஃபிளாட்ஹப் தளத்திலிருந்து ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதியாகப் போட்டுக்கொள்வது. கோடெக் அதனுள்ளேயே வரும், கேள்விகளும் வராது.

2025 பிப்ரவரியிலிருந்து புதிய நிறுவல்களில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இயல்பாகவே இயங்குகிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓடும் சில விளையாட்டுகள் திறந்தவுடன் மூடிக்கொண்டால் காரணம் அதுவாக இருக்கலாம். கேமிங்குக்கென்று தனி எஸ்இலினக்ஸ் பாலிசி பேக்கேஜ் இருக்கிறது, அதை நிறுவினால் போதும்.

வாரா வாரம் நூற்றுக்கணக்கான பேக்கேஜ் இறங்குவது பிடிக்காதவர்களுக்கு அதே வீட்டிலிருந்து வரும் ஸ்லோரோல் இருக்கிறது. பெரிய மாற்றங்கள் ஏறத்தாழ மாதம் ஒருமுறை, பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிலேயே. சிங்கப்பூரின் ஃபைபர் இணைப்பில் 2 ஜிபி அப்டேட் ஒரு பொருட்டே இல்லை. அதனால் இங்கே ஸ்லோரோலைத் தேர்வதற்குக் காரணம் இணைய அளவு அல்ல, மாற்றம் அடிக்கடி வருவதைத் தவிர்ப்பது மட்டுமே.

புதுமைக்கு ஒரு விலை

2024 மார்ச் 29 அன்று எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருப்பது வெளியானது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததில் வெளிவந்தது. நிலைப் பதிப்பு போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள், ஏனென்றால் அந்தப் பதிப்பு அவர்களை எட்டவே இல்லை. டம்பிள்வீடில் அது மார்ச் 7 முதல் 28 வரை இருந்தது. எஸ்எஸ்எச்சை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள் முழுக்க மறுநிறுவல் செய்வது நல்லது என்று ஓப்பன்ஸூசே அறிவுறுத்தியது. ஆர்ச்சும் அந்தப் பதிப்பை அனுப்பியது; ஆனால் அதன் எஸ்எஸ்எச் அந்த நூலகத்தோடு இணைக்கப்படாததால் அந்த வழி அங்கே திறக்கவில்லை. ரோலிங் என்றால் திருத்தமும் முதலில் வரும், தீங்கும் முதலில் வரும். வீட்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் சேவையை அணைத்து வைப்பதும், ரௌட்டரில் போர்ட் எதையும் திறக்காமல் இருப்பதும் இதற்கு மலிவான காப்பு.

ஆர்ச்: வாசிப்பவருக்கு மட்டும்

2002-இல் தொடங்கிய ஆர்ச் எளிமையை நம்புவது. எளிமை என்றால் பயனருக்கு எளிது என்று பொருளல்ல, அமைப்பின் உள்ளே மறைவு இல்லை என்று பொருள். மென்பொருள் உருவாக்கியவர் தந்தபடியே பெரும்பாலும் வரும். 2021 முதல் நிறுவல் வட்டிலேயே ஆர்ச்இன்ஸ்டால் என்ற வழிகாட்டி நிரல் இருப்பதால் நிறுவுவது இப்போது வீரம் இல்லை. வீரம் அதற்குப் பிறகுதான் தேவைப்படும்.

ஆர்ச்சின் முகப்புப் பக்கத்தில் செய்திப் பகுதி இருக்கிறது. அதில் வருஷத்துக்குச் சில முறை 'கையால் செய்ய வேண்டியது' என்று ஓர் அறிவிப்பு வரும். 2025 ஜூனில் ஃபர்ம்வேர் பேக்கேஜ் பல துண்டாகப் பிரிக்கப்பட்டபோது, நேராக அப்டேட் போட்டவர்களுக்கு 'இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிட்டது. பழைய ஃபர்ம்வேரைச் சார்புகளைப் பாராமல் நீக்கிவிட்டு முழு அப்டேட்டோடு சேர்த்துத் திரும்ப நிறுவ வேண்டும் என்று செய்தியில் இரண்டு கட்டளையோடு எழுதியிருந்தார்கள். வாசித்தவர்களுக்கு ஒரு நிமிட வேலை. வாசிக்காமல் '--ஓவர்ரைட்' போட்டுத் தள்ளியவர்கள் வேறு சிக்கலை வரவழைத்துக்கொள்வார்கள்.

நவம்பர் நடுவில் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பி, ஜனவரியில் திரும்பி வந்து கணினியைத் திறப்பவர்கள் இங்கே நிறைய. ஆறு வாரம் அணைந்து கிடந்த ஆர்ச்சில் அப்டேட் போட்டால், பேக்கேஜ் கையொப்பம் 'நம்பகம் தெரியாதது' என்று ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கப்படலாம். இடைப்பட்ட காலத்தில் பராமரிப்பாளர்களின் சாவிகள் மாறியிருக்கும், உங்கள் சாவிக்கொத்து பழையது. கையொப்பச் சோதனையை அணைத்துவிடாதீர்கள். முதலில் ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜை மட்டும் புதுப்பித்து, உடனே அதே மூச்சில் முழு அப்டேட். பாதி அப்டேட் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, அதுவும் இரண்டாவது கட்டளையைத் தள்ளிப்போடாத வரை.

இன்னொரு சின்ன விஷயம், புதியவர்களைக் குழப்புவது. ஆர்ச்சில் கர்னல் அப்டேட் ஆனதும் பழைய கர்னலின் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைக் கோப்புகள்) வட்டிலிருந்து நீங்கிவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ இன்னும் பழைய கர்னல். அந்த இடைவெளியில் தம்ப்டிரைவைச் செருகினால் கணினி கண்டுகொள்ளாது. டிரைவில் கோளாறு என்று நினைத்து வேறு டிரைவைத் தேட வேண்டாம், ரீபூட் செய்தால் போதும். டம்பிள்வீட் ஓடும் கர்னலையும் முந்தைய கர்னலையும் சேர்த்தே வைத்திருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. புதிய கர்னல் சரியில்லையென்றால் பட்டியலில் பழையதைத் தேர்ந்தும் உள்ளே போகலாம். ஆர்ச்சில் அந்த வசதி வேண்டுமென்றால் நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸ்-எல்டிஎஸ் கர்னலை இரண்டாவதாக நிறுவி வையுங்கள். நிறுவிய முதல் நாளே செய்ய வேண்டியது இது.

திரும்பி வரும் வழி? இயல்பாக எதுவும் இல்லை. நிறுவல் தம்ப்டிரைவிலிருந்து துவக்கி, பகுதிகளை மவுண்ட் செய்து, 'ஆர்ச்-சிரூட்' மூலம் நிறுவிய அமைப்புக்குள் நுழைந்து, இறக்கிய பேக்கேஜ்கள் சேர்ந்திருக்கும் பேக்மேனின் கேஷ் அடைவிலிருக்கும் முந்தைய பேக்கேஜை 'பேக்மேன் யு' போட்டுத் திரும்ப நிறுவ வேண்டும். பழகியவருக்கு அரை மணி நேரம். முதல்முறை செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்தக் கேஷை வட்டு இடத்துக்காக மொத்தமாகக் காலி செய்தால் இந்த வழியும் அடைபடும். 'பேக்கேஷ்' நிரல் இயல்பாகவே ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று பதிப்பை விட்டுவைக்கும், அதையே பயன்படுத்துங்கள். பிடிஆர்எஃப்எஸ், ஸ்னாப்பர், ஸ்னாப்-பேக் மூன்றையும் நீங்களே கோத்தால் டம்பிள்வீடுக்குச் சமமான வலை கிடைக்கும். கோப்பது உங்கள் பொறுப்பு.

ஏயுஆர் என்ற பயனர் களஞ்சியம்தான் பலரை ஆர்ச்சுக்கு இழுக்கிறது. இல்லாத மென்பொருளே இல்லை. ஆனால் அங்கே யாரும் எதையும் ஏற்றலாம். 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஸென் உலாவிகளின் பெயரை ஒட்டி வந்த மூன்று பேக்கேஜ்களில் தொலைக்கட்டுப்பாட்டுத் தீநிரல் இருந்தது. ஏறத்தாழ இரண்டு நாளில் நீக்கினார்கள். ஏயுஆரிலிருந்து நிறுவும் முன் பில்ட் கோப்பைத் திறந்து, மூலம் எந்த முகவரியிலிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பெயரில் வருவது மொஸில்லாவிலிருந்து இறங்காமல் யாரோ ஒருவரின் கிட்ஹப் கணக்கிலிருந்து இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

ஆர்ச்சின் பிள்ளைகள்

எண்டெவர்ஓஎஸ் 2019-இல் வந்தது. ஆர்ச்சின் ரெப்போவையே நேராகப் பயன்படுத்துகிறது, மேலே வரைகலை நிறுவியும் சில கருவிகளும் மட்டும். ஆர்ச் வேண்டும், நிறுவும் பாடு வேண்டாம் என்பவருக்கு இதைத்தான் சொல்வோம். ஆர்ச்சில் வரும் தவறும் அப்படியே இங்கே வரும்: 2022 ஆகஸ்டில் கிரப் என்ற துவக்க நிரலின் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு பல எண்டெவர் கணினிகள் துவங்காமல் நின்றன.

மஞ்சாரோ ஆர்ச்சின் பேக்கேஜ்களைச் சில வாரம் தாமதித்து அனுப்புகிறது. பாதுகாப்பானது போலத் தோன்றும். ஏயுஆர் பேக்கேஜ்களோ இன்றைய ஆர்ச் நூலகங்களை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. இரண்டு வாரம் பின்தங்கிய மஞ்சாரோவில் அவை கம்பைல் ஆகாமலோ ஓடாமலோ போகலாம். ஏயுஆர் தொடவே மாட்டேன் என்றால் மஞ்சாரோ பரவாயில்லை. ஏயுஆர் வேண்டாம் என்பவருக்கு ஆர்ச் குடும்பத்தில் என்ன வேலை என்பதுதான் எங்களுக்குப் புரியாதது.

கேச்சிஓஎஸ் பேக்கேஜ்களைப் புதிய சிப்புகளுக்கென்று கம்பைல் செய்து தருகிறது. அந்த வேகம் கிடைக்க ஏவிஎக்ஸ்2 வசதியுள்ள சிப் வேண்டும்: இன்டெலில் நான்காம் தலைமுறை கோர் வரிசை முதல். அதே காலத்துப் பென்டியம், செலரானில் அது இல்லை. விளையாட்டுக்காகப் போடுபவர்களுக்கு நல்ல தேர்வு. ஆவணம் தட்டச்சுபவருக்கு வித்தியாசம் தெரியாது.

மற்றவை சுருக்கமாக. டெபியன் டெஸ்டிங்கைச் சிலர் ரோலிங் என்பார்கள். நிலைப் பதிப்பு வெளிவரும் முன் மாதக்கணக்கில் உறைந்து நிற்கும், பாதுகாப்புத் திருத்தமும், புதியவை முதலில் வரும் சிட் கிளையிலிருந்து சில நாள் கழித்தே வந்து சேரும். வாய்ட் சேவைகளைத் துவக்க, வழக்கமான சிஸ்டம்டி இல்லாமல் ரன்இட்டில் ஓடுவது, பழைய பெட்டியிலும் சுறுசுறுப்பு, ஆனால் பேக்கேஜ் எண்ணிக்கை குறைவு. ஜென்டூ 2023 டிசம்பர் முதல் கம்பைல் செய்த பேக்கேஜ்களையும் தருகிறது. அப்படியும் அது கற்றுக்கொள்ள விரும்புபவருக்கே.

என்விடியா கார்டு இருந்தால்

இங்கேதான் தேர்வு தலைகீழாகலாம். என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற பாஸ்கல் கார்டுகளை ஆதரிக்கும் கடைசி வரிசை. 2025 டிசம்பரில் ஆர்ச் 590-க்கு மாறியது. பாஸ்கல் கார்டு வைத்திருந்தவர்கள் அதிகாரபூர்வ டிரைவரை நீக்கி, ஏயுஆரிலிருந்து 580 டிகேஎம்எஸ் டிரைவரைப் போட வேண்டியிருந்தது. அறிவிப்பு செய்திப் பக்கத்தில் இருந்தது; வாசிக்காதவர்களுக்குக் கறுப்புத் திரை. ஜிடிஎக்ஸ் 1650-உம் அதற்குப் பிந்தையவையும் சிக்கலின்றி மாறின.

ஓப்பன்ஸூசே டிரைவர்களை ஜி05, ஜி06 என்று தலைமுறை எண்ணோடு தனித்தனியாக வைத்திருப்பதால் பழைய கார்டு தன் வரிசையிலேயே நிற்கலாம். அங்கே வேறு வலி: டிரைவர் தனி ரெப்போவிலிருந்து வருவதால் கர்னல் முந்திக்கொண்டு, டிரைவர் அதற்கு ஏற்ப கம்பைல் ஆகாமல் போவதுண்டு. துவக்கப் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்து சில நாள் ஓட்டுங்கள். புதிதாகக் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் ஏஎம்டி வாங்குங்கள். டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழும் கடிகாரமும்

தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் சிங்கப்பூர் வட்டார அமைப்பு உண்டு. தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும் மட்டுமே. தமிழ்-இந்தியா என்று தேர்ந்தால் இடைமுகம் தமிழில் வரும், பணக்குறி ரூபாயாகிவிடும். மொழியைத் தமிழ்-இந்தியாவாகவும், பணம், தேதி, தாள் அளவு ஆகியவற்றை ஆங்கிலம்-சிங்கப்பூராகவும் தனித்தனியே வையுங்கள். கேடிஇ டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் 'வட்டாரமும் மொழியும்' பகுதியில் ஒவ்வொன்றையும் மாற்றலாம். ஆர்ச்சில் அதற்கு முன் லோக்கேல் கோப்பில் இரண்டு வரிகளின் முன்னாலிருக்கும் குறியை நீக்கி 'லோக்கேல்-ஜென்' ஓட்ட வேண்டும்.

ஆர்ச்சின் அடிப்படை நிறுவலில் தமிழ் எழுத்துரு இருக்காது. செய்தித் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஃபிசிட்டிக்ஸ்5-உம் அதன் எம்17என் இணைப்பும் போட்டால் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் கிடைக்கும். கேடிஇயின் பிளாஸ்மா டெஸ்க்டாப்பை வேலண்ட் திரை அமைப்பில் ஓட்டும்போது அது வேலை செய்யாததுபோல் தோன்றினால், அமைப்புகளில் 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற இடத்தில் ஃபிசிட்டிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். எவரும் தேடாத இடத்தில் ஒளிந்திருக்கிறது.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு: லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். பிற்பகல் 3 மணிக்கு விண்டோஸ் காலை 7 மணி காட்டும். நேரத்தை நம்பியிருக்கும் ஆறு இலக்கக் குறியீட்டை அந்தக் கணினியிலேயே உருவாக்கினால் அதுவும் தப்பாகும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உலக நேரத்துக்கான மதிப்பை 1 ஆக்கினால் தீரும். கையொப்பமில்லாத அமைப்பைத் துவங்க விடாத செக்யூர் பூட்டை அணைக்கும் முன், விண்டோஸின் வட்டு மறைகுறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகு விண்டோஸ் அதைத்தான் முதலில் கேட்கும். டம்பிள்வீட் செக்யூர் பூட்டோடு இயங்கும், ஆர்ச்சின் நிறுவல் வட்டு இயங்காது. விண்டோஸ் போட்ட, துவக்கக் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பகுதி பல சமயம் 100 எம்பிதான். கர்னலை அதற்குள் வைக்கும் சிஸ்டம்டி-பூட் என்ற துவக்க நிரலைத் தேர்ந்தால் சில அப்டேட்டிலேயே 'இடமில்லை' என்று நின்று, பாதி எழுதிய கர்னலோடு விட்டுவிடும். தனியாக 1 ஜிபி இஎஃப்ஐ பகுதி உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நிறுவிய அன்றே ஓர் ஒத்திகை பார்த்துவிடுங்கள். டம்பிள்வீடில் ஏதாவது சின்ன விளையாட்டை ஸிப்பர் மூலம் நிறுவி, ரீபூட் செய்து, நிறுவியதற்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டில் நுழைந்து, விளையாட்டு காணாமல் போனதா என்று பார்த்து, ரோல்பேக் போட்டு மறுபடி ரீபூட் செய்யுங்கள். ஆர்ச்சில் தம்ப்டிரைவிலிருந்து துவக்கி சிரூட்டுக்குள் போய், ஏதாவது ஒரு பேக்கேஜைக் கேஷிலிருந்து திரும்ப நிறுவிப் பாருங்கள். பகுதியின் பெயர் என்ன, வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் எப்படித் திறப்பது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். தேவைப்படும் நாளில் அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்கக் கணினி இருக்காது.